மனப்பாடமாகத் தெரிந்த ஜெர்மன்

நான் நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக, வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வகுப்பில் ஒன்றரை வருடம் ஜெர்மன் படித்தேன். இலக்கண அட்டவணைகளை ஒப்பிப்போம். ஒவ்வொரு வரியையும் தமிழில் மொழிபெயர்ப்போம். இரண்டிலும் நான்தான் முதல்.

ஆன்லைன் நேர்காணலில் ஒரு ஜெர்மன் அம்மையார், "நோயாளி நெஞ்சு வலிக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் நான் தினமும் செய்யும் வேலை அது. ஆனாலும் வாயில் ஒரு ஜெர்மன் வாக்கியம்கூட வரவில்லை. ஜெர்மனி வேலை கைவிட்டுப் போயிற்று.

நேராக வகுப்புக்குப் போய், எல்லார் முன்னாலும் வாத்தியாரிடம் கத்தினேன்.

"ஒன்றரை வருசமா என்னத்த சார் சொல்லிக்குடுத்திய? ஒரு நாளாவது எங்கள பேச விட்டியளா?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "எனக்கும் இப்படித்தாம்மா சொல்லித்தந்தாவ. நான் இதுவரைக்கும் ஒரு ஜெர்மன்காரர்ட்டகூட பேசினதில்ல. பேசணும்னா எனக்கும் பயந்தான்."

நான் இறங்கி வந்துவிட்டேன்.

அப்படி ஒப்பித்து மொழிபெயர்ப்பது, யாரும் வீட்டில் பேசாத லத்தீனைப் படிக்க அந்தக் காலத்தில் வைத்திருந்த முறை என்று பிறகு படித்தேன். உயிரோடு இருப்பவர்களிடம் பேச எங்களுக்கு அதையா கொடுத்தார்கள்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது வேறு இடத்தில், தப்புத் தப்பாகப் பேசிப் படிக்கிறேன். அந்த வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் எந்த மொழியிலும் வாய் வரவில்லை.