மில்லுக்குத் தேவைப்படாத பாடம்

எண்பதுகளில் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து மொரீஷியஸ் போனேன். அங்கே பீனிக்ஸ் என்ற ஊரில் அரசாங்கச் செலவில் நடந்த பயிற்சி மையத்தில் டையிங் சொல்லிக்கொடுக்கும் வேலை. வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மில்களுக்கு அனுப்ப வேண்டும்.

முதல் நாள் சாயம் கலந்து காட்டி முடித்ததும் ரோஸ்லின் என்ற பெண் எழுந்தாள். தமிழ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பம், பேச்சு அந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான்; ‘ஐயா’ என்பதற்கு ‘மிஸ்யே’ என்பாள்.

“மிஸ்யே, இந்தத் தண்ணி எங்க போகும்?”

“வாய்க்கால் வழியா ஆத்துக்கு.”

“எங்கம்மா அங்கதான் துணி துவைக்கிறாங்க.”

அடுத்த வாரமே மையத்தின் பின்புறம் ஒரு செட்லிங் டேங்க் கட்டினோம். சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் சாயம் சேறாக அடியில் தங்கிவிடும். ரோஸ்லின் அதைத் தானாகவே பொறுப்பெடுத்துக்கொண்டாள். பி.எச். பேப்பரும் கையுமாகத்தான் திரிவாள்.

மையத்தின் இயக்குநருக்கு இது பிடிக்கவில்லை.

“மில்காரங்க ஆள் கேட்டு நெருக்கறாங்க. கழிவுத் தண்ணிக்குன்னு எந்த மில்லுல வேலை இருக்கு?”

“இப்ப இல்ல சார். நாளைக்கு வரும்.”

“வந்தா அப்பப் பாத்துக்கலாம்.”

எவ்வளவோ வாதாடினேன். டேங்கை இடித்து அங்கே இன்னொரு டையிங் மிஷினை வைத்தார்கள்.

ரோஸ்லின் மில்லில் சேர்ந்தாள். ஆறு நீலமாக ஓடியது. சுண்ணாம்பு வாங்கித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் பலமுறை கேட்டாள். “சாயம் போடத்தான் உன்னை எடுத்தோம்” என்றார். ஒருநாள் அவளே வடிகால் வால்வை மூடிவிட்டாள். மில் தரை முழுக்கச் சாயத் தண்ணீர். அன்றே வேலை போயிற்று.

தொண்ணூறுகளில் கழிவுத் தண்ணீர் விஷயத்தில் அரசாங்கக் கெடுபிடி வந்தது. மில்களே டேங்க் கட்டின. “அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்களேன்” என்று என்னை அனுப்பியவர் அதே இயக்குநர்தான்.

அவள் கல்யாணமாகி, தீவின் தெற்கே செமின் கிரனியே என்ற ஊரில் இருந்தாள். கடற்கரை ஓட்டல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

“அன்னைக்குக் கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன், மிஸ்யே. இப்ப ரெண்டு பிள்ளைங்க. மறுபடி நான் வாயைத் திறந்து, மறுபடி வெளியே அனுப்பினா?”

நான் வற்புறுத்தவில்லை. டீ கொடுத்து பஸ் வரை வந்து வழியனுப்பினாள்.

கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்பதிலிருந்து அவர் தொடங்கினார்.

பயிற்சி மையம் நடத்தும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொழிலைக் கற்றுக்கொடுக்கும் அன்றைக்கே அதன் கழிவை என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று தள்ளினாலும், பாடத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை அக்கறையோடு கற்றவள் திரும்பி வரமாட்டாள்.