பதினேழாம் நம்பர்க் குழல்

என் அலமாரியில் புடவைகளுக்கு நடுவே ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. எனக்கு ஊதத் தெரியாது. அதன் ஒரு முனையில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றி, நீல மையில் 17 என்று எழுதியிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பெருமை பிடிபடாது. கூடவே கொஞ்சம் கோபமும் வரும்.

செஞ்சியில் எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தியவரை லீடர் என்றுதான் கூப்பிடுவோம். பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோவுக்கு ஃபிரேம் போடும் கடை, சாயங்காலமானால் புல்லாங்குழல். கண்ணாடியை அரை நூல் பிசகாமல் அறுக்கிற மனுஷன், சினிமாப் பாட்டையும் அப்படித்தான் அளந்து வைப்பார். ரெக்கார்டில் என்ன சுருதியோ அதே சுருதி, என்ன வேகமோ அதே வேகம். ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சிழுப்பது லேசாகக் கேட்கும். அதையும் நான் இழுத்தாக வேண்டும். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. எந்தப் பாட்டுக்கு எந்தக் குழல் என்று மேடையில் தடுமாறாமலிருக்க, குழல்களில் பிளாஸ்திரி ஒட்டி நம்பர்களை எழுதிவைப்பது அவர் வழக்கம். “ஜனங்க பாட்ட காதுலயே வச்சிருக்குது. நாம அதுல கைய வைக்கக் கூடாதும்மா” என்பார். குழுவில் யாரும் அதற்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை, வாயாடியான நான் உள்பட.

பதினேழாம் நம்பர் என் பாட்டு. ஆறு கட்டைச் சுருதி. கடைசி வரி உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். அந்த ஒரு வரிக்காகவே எங்களைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அப்புறம் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பேச்சு நன்றாகத் திரும்பியது, பாட்டும் முக்கால்வாசி திரும்பியது, அந்த உச்சி மட்டும் திரும்பவில்லை. வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்துப் பாடிப் பார்ப்பேன். குரல் பிளந்துபோகும். அழுதிருக்கிறேன், பொய் சொல்வானேன். மூன்று மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லி அந்தப் பாட்டைத் தவிர்த்தேன். அதற்குள் லீடர் திண்டிவனத்துப் பெண் ஒருத்தியைப் பாடவைத்துப் பார்த்தார் என்று காதில் விழுந்தது. என் இடம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கோட்டைக்குப் போகிற சாலையில் ஒரு மண்டபத்து வாசலில் கல்யாண வரவேற்பு. வெளிச்சம் இன்னும் இருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் ராஜகிரி மலை பழுப்பாகத் தெரிந்தது. பெண்ணுக்கு அப்பா மேடைக்கே வந்து அந்தப் பாட்டைக் கேட்டார். இனிமேல் சாக்கு செல்லாது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு லீடரிடம் சொன்னேன்: “ஒரு கட்டை எறக்குங்க. இல்லன்னா இப்பவே நான் எறங்கிப் போறேன்.” எனக்கே என் தைரியம் ஆச்சரியமாக இருந்தது.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு புதுக் குழலை எடுத்தார். அதில் வேறு நம்பரே இல்லை. 17 மட்டும். கீபோர்டுக்காரரிடம் ஐந்து விரலை விரித்துக் காட்டிவிட்டு ஊதத் தொடங்கினார்.

ஐந்து கட்டையில் பாடினேன். கடைசி வரியில் ஏறினேன், நின்றேன், இறங்க மனசில்லாமல் நின்றேன். சமையல்கட்டில் இருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வெளியே வந்தார்கள். கைதட்டல் ஓயவில்லை, திரும்பவும் பாடச் சொன்னார்கள், பாடினேன். முடிந்ததும் பெண்ணுக்கு அப்பா லீடரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்டியே ரெக்கார்டுல கேக்கற மாதிரி இருக்குதுங்க. ஒரு இம்மி மாறல” என்றார். வாழ்நாளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காக உழைத்த மனுஷனுக்கு, அவர் மாற்றி வாசித்த ஒரே பாட்டுக்கு அது கிடைத்தது. எனக்கு வந்த சிரிப்பை முந்தானையில் மறைத்தேன்.

குழலை எப்போது வாங்கினார் என்று வேனில் ஏறும்போது கேட்டேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதமாம்.

“மூணு மாசமா இத பையில வச்சிக்கினு இன்னா பண்ணீங்க?” என்று சண்டைக்குப் போனேன்.

“நானா எறக்கினா, உனக்குத் தொண்ட போச்சுன்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா? நீ கேக்கட்டும்னு இருந்தேன்.”

“அப்ப திண்டிவனத்துப் பொண்ணு?”

“அது கோரஸுக்கும்மா” என்று சொல்லிவிட்டுக் குழலை என் கையில் கொடுத்தார்.

இப்போது குழுவை நான் நடத்துகிறேன். லீடருக்கு முன்பற்கள் போய்விட்டன, பல்செட்டோடு குழல் ஊத வரவில்லை. ஆனாலும் செஞ்சியில் எங்கே நிகழ்ச்சி என்றாலும் முன்வரிசையில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தபடி தாளம் போடுவார். புதிதாகப் பாட வருகிற பிள்ளைகள் முதலில் போனை எடுத்து ஒரிஜினல் சுருதி பார்க்கிறார்கள். போனை உள்ளே வை, உன் தொண்டை எங்கே நிற்கிறது என்று முதலில் காட்டு என்பேன். மூச்சிழுப்பதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அது ரெக்கார்டில் உள்ளபடியே வந்தாக வேண்டும்.

வயது ஏற ஏறப் பதினேழாம் நம்பரை இன்னும் அரைக் கட்டை இறக்கிவிட்டேன். அலமாரிக் குழல் இனி அந்தப் பாட்டுக்கும் உதவாது. போன வாரம் அதே மண்டபத்தில் பாடி முடித்தேன். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, லீடர் முன்வரிசையிலிருந்து எழுந்து உரக்கச் சொன்னார்: “ஒரு இம்மி மாறலம்மா.”