சமதரையில் பதினேழு வளைவுகள்

சங்கிலி தளர்ந்த சைக்கிள் ஒன்று தெருவில் போகிறது. செயின் பெட்டியில் இடிக்கும் சத்தம், கடக் கடக், கடக் கடக். ஏலக்காய் வாசம்தான் போடிக்காரர்களுக்குப் பழசைக் கிளறும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் காற்று, மூக்குக்கே தெரியாது. என்னைக் கிளப்பி இழுத்துப் போவது இந்தச் சத்தம்தான். எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு வாசலுக்கு ஓடுகிறேன். சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது. நான் கொச்சிக் கடலோரத்தில் இருக்கிறேன். எனக்குப் பத்து வயது. என் கன்னத்தில் சித்தியின் முதுகு சுடுகிறது.

சித்தி அம்மாவின் தங்கை, குரங்கணியில் வளர்ந்தவள். அங்கே ஒரு பந்தைக் கீழே வைத்தால் அது போடியில் வந்துதான் நிற்கும். அப்படிப்பட்ட சரிவிலிருந்து அவளைக் கொச்சிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை. கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியாக வந்த கார்டில் ஒரே ஒரு வரி: ‘இங்கே எல்லாம் சமமாக இருக்கிறது.’

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை. சமம் என்றால் குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்றார் அப்பா. குறையில்லை என்றால் குறையில்லை என்றே எழுதமாட்டாளா என்றாள் அம்மா. முழுப்பரீட்சை லீவு விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள். அந்த ஊர் தங்கைக்கு ஒத்துப்போகவில்லை என்றால் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு. என் வேலை என்னவென்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

“எங்கிட்ட அவ வாயத் தொறக்க மாட்டா. நீ கூடவே சுத்து. அழுவுறாளா, மூஞ்சி வாடுதா, எல்லாத்தையும் பாத்து வந்து சொல்லு.”

உளவு வேலை கிடைத்த பெருமையில், போடிமெட்டு மலைச்சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு வாந்தி வர மறந்துவிட்டது.

கொச்சியில் சித்தி சைக்கிள் ஓட்டினாள்! சித்தப்பா சங்கிலி தளர்ந்த பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, அவரே பிடித்துக்கொண்டு ஓடிப் பழக்கியும் விட்டிருந்தார். சாயங்காலமானதும் என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கடலை ஒட்டிப் போகும் பாதைக்குக் கூட்டிப்போனாள். நான் சும்மா வருகிற ஆளில்லை.

“அந்த வலை ஏன் சித்தி கும்புடுற மாதிரி குனியுது? அந்தக் கப்பலு ஏன் நின்ன எடத்துலயே நிக்குது? சூரியன் தண்ணிக்குள்ள விழுதே, அணையாதா?”

எங்கள் ஊரில் மேற்கு என்றால் மலை. இங்கே மேற்கே பார்த்தால், மலை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் படுத்துக் கிடந்தது. யார் இப்படித் தட்டிப் பரத்திவிட்டார்கள் என்றுகூடக் கேட்டேன்.

கரையோரத்துச் சீன வலைகளைத் தாண்டியதும் சித்தி மணியடித்தாள். “கெட்டியாப் பிடிச்சுக்க தாயி. இதான் முந்தல். இனிமே ஏத்தம்.”

முந்தல் என்பது போடிக்கு மேற்கே மலைச்சாலை தொடங்குகிற இடம். இங்கே ஒரு கோலிக்குண்டு உருளக்கூடச் சரிவு கிடையாது. ஆனால் சித்தி சீட்டை விட்டு எழுந்து நின்று பெடலை மிதி மிதி என்று மிதித்தாள். மூச்சு வாங்கினாள். “வளைவு வருது தாயி, கெட்டியாப் பிடிச்சுக்க” என்று நேர்ப்பாதையில் சைக்கிளைச் சாய்த்தாள். ஒன்று. அடுத்த விளக்குக் கம்பத்தில் இரண்டு. பாதி வழியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதுதான் புலியூத்து. இறங்கி, இல்லாத அருவியில் முகம் கழுவிக்கொண்டோம். கடலை விற்கிறவருக்கு இது தினசரிக் காட்சி போல.

“எந்தா சேச்சி, கயற்றமாணோ?” என்று கத்தினார். ஏற்றமா என்று கேலி.

“ஆமா சேட்டா, செங்குத்து! வந்து தள்ளி விடுங்க!” என்றாள் சித்தி. சிரித்த சிரிப்பில் நான் கேரியரிலிருந்து விழப்பார்த்தேன்.

பதினேழாவது வளைவில் பாதை முடிந்தது. மலைச்சாலையில் அங்கேதான் உச்சி, போடிமெட்டு. “மெட்டு வந்திருச்சு, எறங்கு.”

அங்கே ஒரு குட்டைச் சுவர். குழந்தையும் குட்டியுமாக வரிசையாக ஜனங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“சித்தி, கடலு அங்கிட்டுல்ல இருக்கு?”

“இருக்கட்டும். அது எங்கிட்டுப் போயிரப் போகுது.”

சூரியன் இறங்கியது. எல்லோருக்கும் முகம் சிவந்தது; அவளுக்கு முதுகு சிவந்தது. அவள் பார்த்த பக்கம் நானும் திரும்பிப் பார்த்தேன். தென்னைகள், ஓட்டுக் கூரைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு அப்பால் கிழக்கே சாம்பல் வானம். பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. பின்னாலேயே வந்துவிட்ட கடலைக்காரரைத்தான் பார்க்கிறாள், பசி போல என்று நினைத்தேன். “கடலை வாங்குவமா சித்தி?” என்றேன். வாங்கி முழுப் பொட்டலத்தையும் என் மடியில் போட்டாள்.

நான்கு நாளும் மெட்டுக்குப் போய் வந்தோம். நான்கு நாளும் அடுப்படியில் வைத்து அம்மா விசாரித்தாள்.

“அழுதாளா?”

“இல்லம்மா, சிரிச்சா.”

“மூஞ்சி வாடுச்சா?”

“எந்திரிச்சு நின்னு சைக்கிள் மிதிக்கிறாம்மா. சேட்டன்கிட்டக்கூட ஏட்டிக்குப் போட்டியாப் பேசுறா.”

மெட்டு விளையாட்டைச் சொல்லவில்லை. அது எனக்கும் சித்திக்குமான ரகசியம். அவள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததையும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அழுகை, வாட்டம் என்று அம்மா கொடுத்தனுப்பிய பட்டியலில் முதுகு இல்லை, அவ்வளவுதான். அம்மாவின் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது. அப்பா சொன்ன அர்த்தமே சரி என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் தெளிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை பஸ் ஸ்டாண்டு. சித்தப்பா எங்களுக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கப் போயிருந்தார். அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏடி, கடைசியாக் கேக்குறேன். வர்றதுன்னா இப்பவே வா. ஒன் வீட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கிறேன். என்ன சொல்ற?”

சித்தி வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் முந்திக்கொண்டேன். எங்கள் ரகசியத்தைத் துளியூண்டு திறந்து காட்டி அவளைச் சிரிக்கவைக்கும் ஆசை.

“சித்தி எதுக்கும்மா வரணும்? மெட்டுதான் இங்கயே இருக்கே!”

“என்னடி ஒளர்றா இவ?” என்றாள் அம்மா.

சித்தி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நான் நினைத்தபடியே சிரித்தாள். அம்மாவின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

“ஆமாக்கா, இங்கயே இருக்கு. நீ வெரசா ஏறு, சீட்டுப் போயிரும்.”

என் சாமர்த்தியத்தில் நான் பூரித்துப் போனேன். ஒரு வாரம் வீட்டைக் கலக்கிய ‘சமம்’ என்ற அந்தச் சொல்லுக்கு, நான்கு நாள் கேரியரில் உட்கார்ந்து அர்த்தம் பார்த்து வந்தவள் நான் ஒருத்திதான். பார்த்துவிட்டேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பஸ் உறுமிக் கிளம்பியது. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நாலு எட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டின் தரை பலகை போலத் தட்டையாகக் கிடந்தது.

“வளைவு வருது தாயி, கெட்டியாப் பிடிச்சுக்க.”