எங்கே நிற்கிறோம் என்று கேட்கும் கட்டளை

'பி.டபிள்யூ.டி.' என்ற கட்டளையைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், ரோடு போடும் சர்க்கார் இலாகாவா என்று இந்தியில் கேட்பார். வகுப்பு சிரிக்கும். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். பிறகு அலுத்துவிட்டது. "கம்ப்யூட்டருக்குள் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகப் புனே வந்தவள் நான். இரண்டாயிரங்களில், மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி தன் ஆபீஸைப் புனேயின் மகர்பட்டா பகுதிக்கு மாற்றியது. அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஸ்டோரிலும் கணக்கிலும் இருந்த பழைய ஆட்களை சர்வர் வேலைக்குப் பழக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பழகாதவர்களுக்கு இனி இடமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஸ்டோரிலிருந்து வந்த ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். புனேயின் போபோடியிலேயே பிறந்து வளர்ந்த, இந்தி கலந்து பேசும் தமிழர். நான் தமிழ் என்று தெரிந்ததும் முன்வரிசைக்கு வந்துவிட்டார். முதல் நாளே கையைத் தூக்கினார்.

"மேடம், கீபோர்ட் கராப் ஆயிடுச்சு. பாஸ்வேர்ட் அட்ச்சா ஒண்ணுமே தெரியல."

"அது ஸ்கிரீன்ல தெரியாதுங்ணா. அடிச்சிட்டு என்டர் தட்டுங்க."

தட்டினார். உள்ளே போனது. ஒரு ஃபைலை நகலெடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார்.

"காம் ஆச்சா இல்லியா? ஒண்ணும் சொல்லலியே."

"தப்பா இருந்தாத்தான் சொல்லுங்ணா. ஒண்ணும் சொல்லலைன்னா சரியாப் போச்சுன்னு அர்த்தம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, சாயங்காலம் பஸ்ஸில் யாராவது வழி கேட்டால்கூட வாயைத் திறக்க எனக்குத் தோன்றாது.

ஒருநாள், அவரவர் ஃபோல்டருக்குள் போய் வேண்டாத ஃபைல்களை அழிக்கச் சொன்னேன். அவர் தன் ஃபோல்டருக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு, எல்லோருடைய பயிற்சி ஃபைல்களும் இருந்த பொது ஃபோல்டரில் நின்றபடி அழித்துவிட்டார். கம்ப்யூட்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், தன் ஃபைல்களைக் காணோம் என்றார். பக்கத்திலிருந்தவரும் அதையே சொன்னார். யார் செய்தது என்று நான் கேட்பதற்குள் முன்வரிசையில் அவர் எழுந்து நின்றார்.

"நான்தான் மேடம்."

காலையில் எடுத்துவைத்த நகலிலிருந்து மீட்டேன். அதற்குப் பிறகு செய்த வேலை எல்லோருக்கும் போயிற்று. கணக்குப் பிரிவிலிருந்த ஒரு பெண் மராத்தியில் ஏதோ முணுமுணுத்தார்.

வகுப்பு முடிந்து கேன்டீனில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். அவரும் ஒரு டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னால ஆவாது மேடம். நாளைக்கு எழுதிக் குட்த்துட்டுப் போயிடறேன். அழிக்கறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா அது?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

"கேக்காதுங்ணா. எங்களையும் கேக்கறதில்ல."

"உங்களுக்கும் பயமா இருக்குமா?"

"இருக்குங்ணா. அழிக்கற வேலைன்னா இன்னிக்கும் எங்க நிக்கறேன்னு பார்த்துக்கிட்டுத்தான் தட்டுவேன்."

"சொல்லவே இல்லியே நீங்க" என்றார். பிறகு ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

மறுநாள் வந்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துவிட்டு, அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அடுத்ததை அடித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கடைசித் தேர்வில் எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். மானேஜர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டோர்காரர் ஒரு தப்பும் இல்லாமல் முடித்தார். தினமும் நகலெடுத்துவைக்கும் வேலையை அவருக்கே கொடுத்தார்கள்.

அடுத்த வகுப்பையாவது வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று மானேஜரிடம் கேட்டேன்.

"உங்க அளவுக்குப் பொறுமை வேற யாருக்கு இருக்கு?" என்றார், இந்தியில்.

களைப்பைத்தான் அவர் பொறுமை என்று எடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. திங்கட்கிழமை புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பயம் எனக்கும் உண்டு என்பதை இந்த முறை முதலிலேயே சொன்னேன். சிலர் நம்பவில்லை.