பின்சீற்றில் அடைபட்டபோது

அதிகம் படிக்காதவள் நான்; எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 2009 கோடையில் கிங்ஸ்பரியில் நானும் கணவரும் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கவென்று பார்க்கப் போனோம். வேகமான வண்டி, ஆனால் பின்னால் அரைக்கதவுதான்.

"நாலும் முழுக்கதவெண்டால்தான் திருப்பி விக்கேக்க விலை போகும் தம்பி," என்றார் கணவர்.

"இதுவும் நாலு கதவுதான் அண்ணை. அக்கா ஏறிப் பாக்கட்டும்," என்றார் விற்பவர்.

நான் பின் இருக்கையில் ஏறியதும் கதவுகளைச் சாத்திவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போனார்கள். முன்கதவு திறந்தால்தான் அந்த அரைக்கதவு திறக்குமென்று எனக்குத் தெரியாது. கண்ணாடியும் இறங்கவில்லை. எனக்கு ஆஸ்துமா, மூச்சு முட்டியது. அப்போதும் தட்டக் கூச்சமாக இருந்தது. கண் இருட்டிய பிறகுதான் கண்ணாடியில் அடித்தேன்.

ஓடிவந்து இறக்கிய கணவர், "முதலே தட்டியிருக்கலாமேயப்பா!" என்றார். பிறகு விற்பவரிடம், "இதாலதான் தம்பி விலை போகாது," என்றார்.

மறுநாள் வேறிடத்தில் முழுக்கதவு வண்டி ஒன்று வாங்கினோம்.

இப்போதெல்லாம் உடம்புக்கு ஏலாவிட்டால் கூச்சப்படாமல் உடனே கூப்பிட்டுவிடுகிறேன்.