வேலை செய்யக் கூடாதவர்கள்

காலை பத்து மணி. அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ ஊர் நூலகத்தின் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஒரு தமிழ்ப் பெண் உள்ளே போனார். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, தோள்பையில் டிபன் பாக்ஸ். தினமும் அலுவலகத்துக்குக் கிளம்பியவர்போலத்தான் வருவார். அன்று, புரட்சிக்கு முந்திய பிரெஞ்சுப் பிரபுக்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

நூலகர் வந்து, முன்மேசையில் பகுதிநேர வேலை காலியாக இருக்கிறது, சேருகிறீர்களா என்று அவரைக் கேட்டார். நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

"ஏங்க வேணாம்னுட்டீங்க?" என்று பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

"இதுல பாருங்க சார். ஒரு பிரபு கடை வெச்சு வியாபாரம் பண்ணா பட்டம் போயிடுமாம். சோத்துக்கு இல்லேன்னாலும் சும்மாதான் இருக்கணும்."

"அது அந்தக் காலம்."

"நான் ஹஸ்பெண்ட் விசால வந்திருக்கேன். வேலை பண்ணா சட்டப்படி தப்பு." லேசாகச் சிரித்தார். "அவங்களுக்காவது மாளிகை இருந்துது. எனக்கு ஒன் பெட்ரூம் அபார்ட்மெண்ட்."

"கிரீன் கார்டு?"

"அப்ளை பண்ணியிருக்கோம். வந்தா மறுநாளே அந்த மேசையில உக்காந்துடுவேன்."

அடுத்த வாரம் முன்மேசையில் ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்திருந்தாள். இவர் அவளிடம் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.