முறைப்படி வந்த படிவம்

தொண்ணூறுகளில், ரொறன்ரோ நகர மத்தியில் பதினெட்டாம் மாடியில் இருந்துகொண்டு நாங்கள் வட துருவப் பகுதிக்குத் திட்டம் போட்டோம். எரிவாயுவுக்கு எங்கே துளையிடுவது, உறைந்த கடலின் மேல் எந்த வழியால் லொறிகள் போவது, எல்லாம் எங்கள் வரைபடத்தில் இருந்தன. எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரச அலுவலகத்தில், பத்து வருடம் கோப்புப் பார்த்தவன் நான். இங்கேயும் அதே வேலைதான். திட்டத்தைப் பற்றி ஊர்மக்கள் எழுதும் கருத்துகளைப் பதிந்து பொறியியலாளர்களுக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் வராத கருத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த விதியை எழுதியதும் நான்தான். நன்றாக எழுதியிருந்தேன்.

ஒரு இலையுதிர் காலத்தில் வடகரைக் கிராமம் ஒன்றிலிருந்து கிழவர் ஒருவரின் கடிதம் வந்தது. வேட்டைக்காரர். கொப்பித் தாளில் பென்சிலால் குடாவைக் கீறி, எங்கள் பாதையில் ஓரிடத்தில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டிருந்தார். அடியில் நீரோட்டம் உண்டு, எந்தக் குளிரிலும் அங்கே பனி தடிக்காது என்று எழுதியிருந்தார்.

வரைபடம் கீறுபவரும் எங்கட ஆள், நகரின் கிழக்கே டோர்செட் பார்க்கில் இருந்து வருபவர். கடிதத்தைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, பாதைக் கோட்டை ஒரு அங்குலம் தள்ளிக் கீறட்டே? பத்து நிமிச வேலை."

"படிவம் எங்கை?"

"உது ஐஸ் அண்ணை. படிவத்தைப் பாத்தே உறையுது?"

"இண்டைக்கு இவருக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் கொப்பித் தாளிலை எழுதுவினம்."

"நீங்கள் கச்சேரியை விட்டு இன்னும் வெளிக்கிடேல்லை," என்று சிரித்துக்கொண்டு போனார்.

வெற்றுப் படிவம் ஒன்றை, பணிவான கடிதத்தோடு, கிழவருக்கு அனுப்பினேன். அந்த ஊருக்குத் தபால் விமானம் காலநிலை விட்டால்தான் போகும். அது எனக்குத் தெரியும்.

ஜனவரியில் எங்கள் கோட்டின்படியே பாதை திறந்தது. பெப்ரவரியில் எரிபொருள் ஏற்றிய லொறி ஒன்று புள்ளடி போட்ட இடத்தில் பனியை உடைத்துக்கொண்டு கீழே போனது. சாரதியை எடுக்க முடியவில்லை. எதிர்பார்க்க முடியாத விபத்து என்று அறிக்கை எழுதினார்கள். சொற்களைத் திருத்திக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை படிவம் வந்தது. விபத்துக்கு முன்னரே கிழவர் தபாலிட்டிருந்தார். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. குடாவை மறுபடியும் கீறி இணைத்திருந்தார். 'இவ்விடயத்தில் உங்களுக்குள்ள அக்கறை யாது?' என்ற கட்டத்தில் ஒரே வரி இருந்தது: இந்தக் குளிர்காலம் என் மகன் அந்தப் பாதையில் லொறி ஓட்டப்போகிறான்.

முத்திரை குத்தினேன். பதிவு எண் போட்டேன். நிமிர்ந்தபோது வரைபடக்காரர் பக்கத்தில் நின்றார்.

"சரியா நிரப்பியிருக்கிறாரோ அண்ணை?"

"ஓம்."

இப்போது நகரோரத்து மில்லிக்கனில் ஓய்வில் இருக்கிறேன். மருத்துவரிடமோ வங்கியிலோ படிவம் தந்தால் வாங்கி மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். அவள்தான் நிரப்புகிறாள்.